கன்னியம்மா அக்காவின் கணுக்கால் வாட்ச்

டாக்டர் தினமும் ஏழாயிரம் அடி நடக்கச் சொன்னதிலிருந்து மணிக்கட்டு வாட்ச்தான் என்னை மேய்க்கிறது. போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, நடப்பதற்கென்றே மரக்காணம் உப்பளத்துக்குப் போனேன். புதுச்சேரியில் 5.10-க்கு பஸ், சுமார் 35 கிலோமீட்டர். 6.15-க்கு இறங்கியபோது வாட்ச் 640 அடி என்றது. ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தவன் நான். வாங்கிய விசுவாசத்துக்குக் கூட்டிக் காட்டுகிறது போல.

அங்கிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். பாத்திகளில் அதற்குள் பாதி வேலை முடிந்திருந்தது. பெண்கள் தலையில் உப்புக் கூடையோடு, ஒரு அடி அகல வரப்பில் விறுவிறுவென்று போகிறார்கள். வெறுங்கையோடு போன நான் இரண்டு முறை வழுக்கி விழப் பார்த்தேன்.

அவர்களில் கன்னியம்மா அக்கா கையிலும் ஒரு வாட்ச். "சுகர் வந்துடுச்சுன்னு பையன் வாங்கிக் குடுத்தான் சார். மெட்ராஸ்லேர்ந்தே போன்ல பாக்குறான். நான் நடக்கவே இல்லையாம், வேலைக்குப் போறேன்னு பொய் சொல்றேனாம். நாளைக்கு வந்து கூட்டிக்கினு போயிடுவேன்றான். அங்க நாலு செவுத்துக்குள்ள நான் இன்னா பண்ணுவேன்?" சிரித்துக்கொண்டே சொன்னாலும் கண் கலங்கியிருந்தது.

முகம் தெரியாத அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே வந்தது. அக்கா பின்னாலேயே நடந்து எண்ணினேன். பத்து நடைக்கு, போக வர 1,200 அடி. அவர் வாட்சில் ஏறியது 310. கைவீசி நடந்த என் வாட்சிலோ 1,170. அப்புறம்தான் உறைத்தது. போகும்போது வாட்ச் கட்டிய அவருடைய இடது கை கூடையைப் பிடித்திருக்கிறது, வரும்போது வெறும் கூடையை இடுப்போடு அணைத்திருக்கிறது. கை ஆடினால்தானே அது எண்ணும்.

தலையில் கூடைக்கடியில் வைக்கும் சும்மாட்டுத் துணியில் ஒரு ஓரத்தைக் கிழித்து, வாட்சை அவர் கணுக்காலில் கட்டச் சொன்னேன். அடுத்த பத்து நடைக்கு 1,184. அப்போது மணி எட்டு.

போகிறவர்கள் ஆறரைக்குள் போய்விடுங்கள், ஒன்பதுக்கு மேல் உப்பில் வெயில் பட்டுக் கண் கூசும். தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், வழுக்காத செருப்பு அவசியம். எதிரே கூடை வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். குடை பிடித்தோ டிராலி தள்ளியோ நடக்கும்போது வாட்ச் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்.

ஒன்பதரைக்கு வேலை முடிந்து அக்கா கால் கழுவும்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் மகன்.

"இன்னாம்மா, காலையிலேயே ஏழாயிரத்த தாண்டிடுச்சு. வாட்ச்ச யாருக்குக் கட்டிவுட்ட?"

"உங்கம்மா கால்லதான்டா கட்டியிருக்கேன். நாளைக்கு வர்றல்ல, வந்து என்கூட பத்து கூடை தூக்கிப் பாரு. அப்பால கூட்டிக்கினு போ."

மகன் குரல் தணிந்து, "சாப்ட்டியாம்மா?" என்றான்.