சந்திரகலாவின் பாலைவனப் பூனை

சந்திரகலா ஷார்ஜாவிலிருந்து ஊருக்கே திரும்பி வந்த அன்று, காரிலிருந்து இரண்டு பெட்டிகளும் ஒரு பூனைக்கூண்டும் இறங்கின. அடி அண்ணாமலையில் எங்கள் தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டுக்காரி என்பதால் நான் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். மணல் நிறத்தில், காதும் காலும் நீண்டு, ஒல்லியாக ஒரு பூனை. கூண்டுக்குள்ளிருந்து தெருவையே முறைத்துக்கொண்டிருந்தது.

மகள் இனியாவும் வாசலில்தான் நின்றாள். "வாங்க" என்றாள். விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி.

இனியா மூன்றாவது படிக்கும்போது, வீட்டு வேலைக்கென்று அங்கே போனவள் சந்திரகலா. பெண்ணை வளர்த்தது அவள் புருஷன் காசி. மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். பெண்ணுக்குத் தலைபின்னக் கற்றுக்கொண்டான், பள்ளிக்கூடத்துக் கூட்டங்களுக்கும் அவனே போனான். அவள் திரும்பி வருவதற்கு முந்தின வருஷம் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்ச் சேர்ந்தான். சந்திரகலாவால் காரியத்துக்குக்கூட வர முடியவில்லை. அதற்குச் சில மாதம் கழித்து அவள் வேலை பார்த்த குடும்பம் கனடாவுக்குக் குடிபோனது. இனி அங்கே என்ன இருக்கிறது என்று இவளும் வந்துவிட்டாள். வரும்போது அந்த வீட்டு அம்மாவிடம் அவள் கேட்டு வாங்கியது இந்த ஒரு பூனையைத்தான்.

"குட்டியில நான்தான்கா எடுத்தேன். குப்பைத்தொட்டிக்குப் பின்னால கெடந்துச்சு. அங்க தெருவுல எல்லாம் இந்தப் பூனைங்கதான். யாரும் வளக்கறதில்ல, பாலைவனத்துலயே தானா பொறந்து வளந்த ஜாதி" என்றாள். ரிமால் என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் பெயர் வைத்தார்களாம். அரபியில் மணல் என்று அர்த்தம்.

சித்திரை வெயிலில் நாங்கள் மின்விசிறிக்கடியில் கிடந்தால் அது மொட்டைமாடித் தளத்தில் மல்லாந்து தூங்கும். மேலே ஒரு அடுக்கு முடிதான், உள்முடி கிடையாது. ஈரத்துணியால் வாரம் ஒருமுறை துடைத்தால் போதும். வெயிலுக்கு அசராத அந்த உடம்பு மழைச்சாரல் பட்டால் மட்டும் நடுங்கிப்போகும். காசியின் பழைய ஸ்வெட்டரை வெட்டி அதற்குப் படுக்கை செய்திருந்தாள்.

தயிர்சோற்றைத் திரும்பிப் பார்க்காது. மீனோ கோழியோதான். அதையும் அளந்து வைக்க வேண்டும், வைக்க வைக்கத் தின்றுகொண்டே இருக்கும். "அங்க எப்பவாச்சும்தான் சோறு கிடைக்கும், கிடைச்சப்ப தின்னுக்கணும். அந்தப் புத்தி போவல" என்பாள். மடியில் உட்காராது. ஆனால் அவள் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே போகும், சத்தமாகக் கத்திப் பேசும். இனியா கூப்பிட்டால் காதைக்கூட அசைக்காது. அவளும் இரண்டு தடவைக்குமேல் கூப்பிடவில்லை.

எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் சந்திரகலாவோடு பேசிக்கொண்டிருந்தது அந்தப் பூனை ஒன்றுதான். இனியா காலேஜ் போவாள், வருவாள், சாப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். "தலைக்கு எண்ணெ வெச்சு விடட்டுமா?" என்று இவள் கேட்பாள். "நானே வெச்சுக்கறேங்க" என்று பதில் வரும்.

பூனைக்கு இன்னொரு குணமும் உண்டு. தன் எல்லை என்று ஒன்றை வைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டு மதில் வரைக்கும் அதற்குச் சொந்தம். வேறு பூனை கால் வைத்தால் விடாது. கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள் தெருவிலிருந்த கருப்புக் கடுவன் மதிலேறி வந்தது. இரண்டும் கட்டிப் புரண்டன. ரிமாலின் தொடையில் பல் இறங்கியிருந்தது. சந்திரகலா கழுவி மஞ்சள் வைத்தாள். மறுநாள் மத்தியானம் தொடை வீங்கி, உடம்பு கொதித்தது. மத்தி மீனை வைத்தால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதைப் பார்த்ததும் அவள் என்னைக் கூப்பிட ஓடி வந்தாள்.

கால்நடை டாக்டருக்குப் போன் செய்தோம். "ரோடு பூரா அடைச்சிருக்காங்கம்மா, நான் வர முடியாது. எப்படியாச்சும் கொண்டாந்துடுங்க, ஊசி போடறேன்" என்றார்.

தீபத்தன்று கிரிவலப்பாதையில் சைக்கிள்கூட நுழையாது. பூனையைத் துணிக்கூடையில் வைத்துக்கொண்டு நடந்தோம். முன்னும் பின்னும் ஜனம். ஒரு எட்டு வைத்தால் அரை நிமிஷம் நிற்க வேண்டும். "கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். யார் விடுவார்கள், விட இடமேது? தூறல் வேறு. முந்தானையால் கூடையை மூடிக்கொண்டாள்.

பொழுது சாயும்போது மலையுச்சியில் தீபம் தெரிந்தது. அத்தனை கூட்டமும் அப்படியே நின்று கைகளை உயர்த்தி "அரோகரா" என்றது. நானும் என்னை மறந்து கும்பிட்டேன். திரும்பிப் பார்த்தால் சந்திரகலா கூடைக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மூச்சு இல்லக்கா."

நான் தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது, அசைவில்லை.

கூட்டத்தைப் பிளந்து திரும்ப வர வழியில்லை. வயல் வழியே சுற்றி வீடு வந்து சேர்ந்தோம். இனியா கூடையைப் பார்த்தாள். கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய் அவளே குழி தோண்டினாள். அம்மாவும் பெண்ணும் ஒட்டிவிடுவார்கள் என்று அப்போது எனக்கு ஒரு நப்பாசை.

மண்ணைத் தள்ளி முடித்ததும் இனியா சொன்னாள்: "எனக்கு ஒருதரம் டெங்கு வந்துச்சு. பொழைக்க மாட்டேன்னே சொல்லிட்டாங்க."

"எப்போ? எனக்குத் தெரியாதே!"

"அப்பா சொல்ல வேணாம்னாரு. அன்னைக்கு வீடியோ கால்ல வந்தீங்க, நான் தெரியாதபடி அப்பா போனைத் தன் மூஞ்சிக்கு நேராவே புடிச்சிருந்தாரு. முள்ளெடுத்து முள்ளெடுத்து இதுக்கு மீன் ஊட்டினீங்க. 'பாரு, எப்படித் தின்னுது'ன்னு காட்டினீங்க. நான் ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துக்கிட்டுப் பாத்தேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கையிலிருந்த மண்ணைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சந்திரகலா ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் கையைப் பிடித்தும் எழவில்லை.

படிப்பு முடிந்ததும் இனியாவுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். மாதத்துக்கு ஒருமுறை வந்தவள், பிறகு பண்டிகைக்கு மட்டும் வந்தாள்.

அடுத்த வருஷம் ஆடி மாதம், அவளை ஷார்ஜாவுக்கு அனுப்பிய பழைய ஏஜென்ட் போன் செய்திருக்கிறான், மஸ்கட்டில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று. சந்திரகலா யோசிக்கவே இல்லை.

"இந்த வயசுல மறுபடியுமா? அங்க யாரு இருக்காங்க உனக்கு?" என்றேன்.

"இங்க யாருக்கா இருக்காங்க? அங்கயாச்சும் காலைல எழுந்தா ஒருத்தங்க என்னைக் கூப்பிடுவாங்க."

மறுவாரம் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாள். இனியா வந்தால் கொடுக்கச் சொன்னாள். இனியா இன்னும் வரவில்லை.