வயிற்றில் வந்த பாகப்பிரிவினை

என் அண்ணனும் நானும் பேச்சை நிறுத்தியிருந்த காலத்திலும் நிறையப் பேசிக்கொண்டுதான் இருந்தோம். நடுவில் அக்கா இருந்தாள். அவள் வீட்டு வாசலில் இருவரும் ஒரே நேரத்தில் போய் நின்றுவிட்டால், அண்ணன் என் பக்கம் திரும்பாமல் அவளிடம் சொல்வார்: "மடையை அடைச்சு வச்சா என் பக்கம் தண்ணி எப்புடி வரும்னு கேளு." நான் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு, "நான் அடைக்கல. குப்பை அடைச்சிருக்கு. குனிஞ்சு அள்ளினா போயிடும்னு சொல்லுக்கா" என்பேன். அக்கா அரிசி புடைப்பதை நிறுத்தாமல், "கேட்டுச்சா ரெண்டு பேருக்கும்?" என்பாள். அன்றைய பேச்சு அத்தோடு முடியும்.

எல்லாம் நிலத்தால் வந்தது. அப்பா பண்ணையில் ஆளாக நின்றவர். கொடி பிடித்தார், அடி வாங்கினார். நில உச்சவரம்புக்கு மேல் இருந்ததை அரசாங்கம் பண்ணையிடமிருந்து எடுத்துக் கொடுத்தபோது நாலு மா நிலம், ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, அவர் பெயரில் பட்டா ஆனது. அதைப் பிரிக்காமலே போய்ச் சேர்ந்தார். பிறகு எரிவாயுக் குழாய் பதிக்க வந்தார்கள். ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. நானும் உட்கார்ந்தேன். போலீஸ் எங்களை வண்டியில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து, தக்காளி சாதம் போட்டு, சாயங்காலம் விட்டது. வீட்டுக்கு வந்தால், எங்கள் வயலில் குழாய் போகச் சம்மதம் என்று அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"நீ வேணாம்னாலும் பதிப்பான், வேணும்னாலும் பதிப்பான். யாரு ஆண்டா என்ன?" என்றார். அதற்குப் பிறகு வெகுநாள் அவர் நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

எனக்குக் கூத்தாநல்லூர் கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் விட்டது. வடை மடித்து வருகிற தாளைக்கூட விடாமல் படிக்கிற பழக்கம் மட்டும் விடவில்லை. படிப்பதைவிட எனக்குப் பிடித்தது ஆட்கள் பேசுவதைக் கேட்பது. "மோட்டாரு மூச்சு விடுது தம்பி, தண்ணிதான் துப்ப மாட்டேங்குது" என்று ஒருவர் வந்து சொன்னால், அன்று முழுக்க அதை வாயில் போட்டுச் சுவைத்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் அக்கா ஒரு நாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்து, "ரெண்டு வாயிலயே வயிறு கதவைச் சாத்திக்குதுடா" என்றபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. கடையில் வந்து நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். சைக்கிளில் திரும்பும்போதுதான் உறைத்தது. அம்மாவும் இப்படித்தான் தட்டைத் தள்ளிவைத்தாள். அம்மா போனபோது அவளுக்கு அதிக வயதில்லை.

அன்றிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை. அக்காவுக்குப் பிள்ளை இல்லை, மச்சான் முன்னமே போய்விட்டார். நான்தான் கூட்டிக்கொண்டு அலைந்தேன். வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்ததில் கட்டி என்று எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் ஆழமாகச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்று என்று தெரிந்த பிறகு, கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் வாருங்கள் என்று தஞ்சாவூரில் டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அந்த அறையில் மூன்று நாற்காலி. நடு நாற்காலியில் அக்கா.

"குடும்பத்துல வேற யாருக்காவது வயித்துல இந்த மாதிரி இருந்துச்சா?"

"எங்க அம்மாவுக்கு இருந்துச்சுங்க" என்றேன்.

அண்ணன் டாக்டரம்மாவைப் பார்த்து, "அம்மாவுக்கு வந்தது மஞ்சக்காமாலைன்னு அவன்கிட்ட சொல்லுங்க" என்றார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அவர் இங்கதானே உக்காந்திருக்கார்?"

"அது ஒரு பழக்கங்க" என்றாள் அக்கா. "நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க."

அவர் பொறுமையாகச் சொன்னார். உடம்பில் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அப்படிப் பிடித்துக்கொள்வதற்கென்றே ஒரு புரதம் உண்டு, இ-கேட்ஹெரின் என்று பெயர். இந்தச் செல்லிலிருந்து ஒரு கை, அடுத்த செல்லிலிருந்து ஒரு கை, இரண்டும் கோத்துக்கொள்ளும். அக்காவின் புற்றுச் செல்களில் அந்தக் கை இல்லை. அதனால்தான் திரண்டு கட்டியாக நிற்காமல், ஒவ்வொன்றாகக் கழன்று இரைப்பைச் சுவருக்குள்ளேயே பரவியிருக்கிறது. சுவர் தோல் மாதிரி விறைத்துப் போனதால் சோற்றுக்கு இடம் கொடுக்க மாட்டேன் என்கிறது.

கம்ப்யூட்டரில் இரண்டு படம் காட்டினார். ஒன்றில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்புக் கோடு, உயரத்திலிருந்து பார்த்த வரப்புகள் போல. மற்றது அக்காவுடையது. அதில் வரப்பே இல்லை.

அக்கா நடவுக்காரி. கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்தாள். "அப்ப கட்டு அவுந்த நாத்து முடி மாதிரிதான். தண்ணில விழுந்தா ஒண்ணொண்ணா மிதந்து போயிடும், திருப்பிக் கட்ட முடியாது."

"அதேதாம்மா" என்றார் டாக்டரம்மா. அவர் குரல் இறங்கிவிட்டது.

அதன் பிறகு நான் கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். பாதி விளங்கியது. அந்தக் கையின் உள்முனையைச் செல்லின் உள்ளே வேறு சில புரதங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. வெளியே பிடி விட்டால், சில புற்றுகளில் உள்ளே இருப்பதும் அவிழ்ந்து, செல்லின் நடுவுக்கே போய், வளரு வளரு என்று விரட்டுமாம். இன்னொரு இடத்தில், வேறு சில புற்றுகளில், ஊர்ந்து போன செல்கள் போன இடத்தில் அதே கையை மறுபடி நீட்டிப் பிடித்துக்கொண்டு குடியேறும் என்று போட்டிருந்தது. அதைப் படித்த அன்று ஒரு மோட்டாருக்குச் சுற்றைத் தலைகீழாகக் கட்டிவிட்டேன். பம்பு பின்பக்கமாகச் சுற்றியது. கடையைச் சாத்திவிட்டு ஆற்றங்கரை வரைக்கும் நடந்தேன், திரும்ப வந்தேன், மறுபடியும் நடந்தேன்.

அக்காவின் ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அந்தக் கையைச் செய்வதற்கான மரபணுவிலேயே பழுது என்று வந்தது. அம்மா வழியாக வந்திருக்க வேண்டும். எங்களுக்கும் இருக்கலாம், பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டரம்மா. இருந்தால், நோய் வருவதற்கு முன்பே இரைப்பையை எடுத்துவிடுவது நல்லதாம். அண்ணனுக்கு இருந்தால் சென்னையில் வேலை பார்க்கிற அவர் மகளும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் மறுநாளே கையை நீட்டினேன். ரிசல்ட் வரும்வரை சோறு இறங்கவில்லை. சோறு இறங்காததே நோயோ என்று வேறு பயம். கடைசியில் இல்லை என்று வந்தது. பஸ்ஸில் வரும்போது, அப்பாடா என்பதற்கு முன்பே மனதில் வந்து நின்றது இதுதான்: அப்போ அண்ணனுக்கா?

அண்ணன் ரத்தம் கொடுக்க வரவே இல்லை. அக்காவுக்கு மருந்து ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தோம். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்துச் சொன்னார்:

"பாதிக்குப் பாதின்னுதானே சொன்னாங்க? இருக்கிறது ரெண்டு பேரு. இவன் முந்திக்கிட்டுப் போயி நல்ல பாதியை எடுத்துக்கிட்டான். மிச்சம் யாருக்குன்னு ஊசி குத்தி வேற பாக்கணுமா?"

சிரிக்கத்தான் வந்தது எனக்கு. சிரிக்க முடியவில்லை. பஸ்ஸில் நானும் இதே கணக்கைத்தானே போட்டேன். நாலு மாவை மனதுக்குள் ஓயாமல் இரண்டாகப் போட்டுப் பார்த்தவர்களுக்கு, பாதி என்று காதில் விழுந்தால் வரப்புதான் கண்ணில் தெரியும்.

"அது பங்கு இல்லக்கா. காசு சுண்டுற மாதிரி. ஆளுக்கு ஒரு தடவை, தனித்தனியா. அவருகிட்ட சொல்லு."

"எனக்குத் தலையா பூவான்னு இவன்தான் சுண்டுவானாமான்னு கேளு" என்றார் அண்ணன்.

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். எனக்கு மூச்சு வாங்குது. உங்க வாயாலயே சொல்லிக்கங்க."

 பக்கத்து வீட்டில் டிவி ஓடியது. நான் எழுந்து தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

அப்புறம் அவளே பேசினாள், அண்ணனைப் பார்த்து. "அண்ணே, அம்மா கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொருத்தருக்கா ஒரு அகப்பை அள்ளி வச்சிச்சு. எனக்கு அள்ளினதுல கல்லு வந்துடுச்சு. இவனுக்கு வரல. உனக்கு அள்ளினது நாங்க பொறக்கிறதுக்கு முந்தியே முடிஞ்சு போச்சு. நீதானே மூத்தவன்? கடைசியா வந்தவன் உன் தட்டுலேர்ந்து எதை எடுக்க முடியும்?"

அண்ணன் எழுந்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மிதிக்காமல், தள்ளிக்கொண்டே தெருமுனை வரைக்கும் போனதைப் பார்த்தேன்.

அக்கா அடுத்த நடவைப் பார்க்கவில்லை.

கருமாதிக்கு மொட்டை போட்டுவிட்டு வந்து அவள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். எங்களுக்கு நடுவில் அவளுடைய கட்டில். பாயைச் சுருட்டிவிட்டு, கட்டிலை நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

"எப்ப போவணும்?" என்று கேட்டது அண்ணன் குரல்.

யாரைக் கேட்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அந்த அறையில் வேறு ஆள் இல்லை.

"நாளைக்குக் காலைல தஞ்சாவூரு பஸ்ஸு இருக்கு" என்றேன், சுவரைப் பார்த்து. பழக்கம்.

"என்னைப் பாத்துச் சொல்லு" என்றார்.

ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் அண்ணனுக்கும் அந்தப் பழுது இருந்தது. அரசாங்கக் காப்பீட்டு அட்டையைக் காட்டி இரைப்பையை எடுத்தோம். கேமராவில் ஒன்றும் தெரியாத அந்த இரைப்பையில், அறுத்துப் பார்த்தபோது, அங்கங்கே பொட்டுப் பொட்டாக ஆரம்பித்திருந்ததாம். சுவரைத் தாண்டவில்லை. இப்போது ஒரு கிண்ணம் சோற்றை நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிடுகிறார். மெலிந்துவிட்டார். வாய் மெலியவில்லை. குழாய்ப் பேச்சு வந்தால் முகத்துக்கு நேராகவே சண்டை போட்டுக்கொள்கிறோம். வயலில் அந்தக் குழாய் இன்னும் கிடக்கிறது, மேலே நெல் நிற்கிறது.

அண்ணன் மகள் இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை. கேட்டால் வேலை இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்கிறாளாம். போன வாரம் வயலில் மோட்டார் பார்க்கப் போயிருந்தேன். அண்ணன் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அவகிட்ட நீ சொல்லேன்டா. நீ சொன்னா கேப்பா."

"என்னன்னு சொல்லணும்?"

"உங்க அப்பனுக்குப் பயமா இருக்குன்னு சொல்லு."

"அதை நான் எப்படிச் சொல்றது? நீயே சொல்லு. போனை நான் போட்டுத் தர்றேன்."

முறைத்தார். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். மணி போய்க்கொண்டே இருந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வரப்பில் நடக்க ஆரம்பித்தார். எனக்கும் உட்கார முடியவில்லை. பின்னாலேயே நடந்தேன்.