சுபத்திராவின் சைக்கிள்

அரை மார்க்கில் ரூபினிக்கு அயர்லாந்து கைநழுவிப் போயிருந்தது. அதுவும் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. அங்கே நர்ஸ் வேலைக்குப் போக ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் ஏழு வேண்டும். அவளுக்கு இரண்டு முறையும் ஆறரைதான் வந்தது. படிப்பதிலும் எழுதுவதிலும் ஒரு குறையும் இல்லை. எதிரே ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டால் மட்டும் வாயில் கொழுக்கட்டையை அடைத்த மாதிரி ஆகிவிடும். மூன்றாவது முறையும் கோட்டை விட்டால், அந்த ஊர் மருத்துவமனை அவளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளால் பொறுக்க முடியாதது சுபத்திராவைத்தான்.

மலேசியாவில் கூலாய் என்ற ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருவருக்கும் ஒரே வார்டு, எழுதப்போவதும் ஒரே தேர்வு. சுபத்திரா சிலோன்காரர் வீட்டுப் பெண். தாத்தா காலத்திலிருந்தே அரசாங்க உத்தியோகம், வீட்டில் சோறு கேட்பதே ஆங்கிலத்தில். ரூபினியின் அப்பா மனோகரனோ ரெங்கம் பக்கம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர், இப்போது செனாயில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை பார்க்கிறார். அவர் வீட்டில் ஆங்கிலம் பேசியது டிவி மட்டும்தான். போதாக்குறைக்கு சுபத்திரா நல்லவள் வேறு. கெட்டவளாக இருந்தாலாவது நிம்மதியாகத் திட்டித் தீர்க்கலாம்.

அந்தத் தேர்வுப் பருவத்தில் பைக் பற்றிய கேள்விகள் அடிக்கடி வருவதாக, தேர்வுக்குப் படிப்பவர்களின் டெலிகிராம் குழுவில் பேச்சு. சைக்கிளோ மோட்டாரோ, சின்ன வயதில் எதில் போனீர்கள், யார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள், இப்படி. தேர்வுக்கான இணைய வகுப்பில் சரோஜினி மிஸ் அதையே இருவரிடமும் கேட்டார்.

ரூபினி குழுவில் வந்த பதிலை ஒப்பித்தாள். பைக் ஓட்டுவது உடம்புக்கு நல்லது, காற்று மாசுபடாது, ஓய்வு நாட்களில் பூங்காவில் ஓட்டுவேன்.

“எந்த பார்க், ரூபினி?” என்றார் மிஸ்.

ரூபினி குழுவில் வந்த பதிலைப் போனில் மறுபடி தேடினாள்.

“இதெல்லாம் எல்லாரும் சொல்றது லா. உங்க வீட்டுல நடந்த ஒண்ண சொல்லுங்க. ஞாபகத்துலேர்ந்து பேசுனா இங்கிலீஷ் தானா வரும்.”

ஞாபகம் இல்லாமலா? அப்பாவின் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில் குடும்பமே போன ஞாபகம் இருந்தது. முன்னால் தம்பி யுகேந்திரன் நிற்பான். நடுவில் அவள், கடைசியில் அம்மா. குளிர்காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க அப்பா ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டிருப்பார், ஜிப் முதுகில் இருக்கும். நான்கு பேருக்கு ஒரே ஹெல்மெட். இதைப் போய் தேர்வு நடத்தும் ஒரு வெள்ளைக்காரரிடம் சொல்வதா? அவளுக்கு வெட்கமாக இருந்தது, மைக்கை அணைத்தாள்.

அடுத்து சுபத்திரா பேசினாள். அரசாங்கக் குவார்ட்டர்ஸ் சாலை, ஒரு சிவப்பு சைக்கிள். அவள் அப்பா குகநாதன் ஆபீஸ் உடுப்போடு சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறார். ஒரு ஷூ கழன்று சாக்கடையில் விழுகிறது. அவர் நிற்கவில்லை, ஒற்றை ஷூவோடு சாலை முடியும் வரை ஓடுகிறார். “அப்பா இப்போது இல்லை,” என்று ஆங்கிலத்தில் முடித்தாள் சுபத்திரா. “ஆனால் சைக்கிளில் ஏறினால் எனக்குப் பின்னால் அந்த ஒற்றை ஷூ இன்னும் ஓடுகிறது.”

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ரூபினிக்கு வயிறு எரிந்தது. இவளுக்கு அப்பா செத்ததுகூட மார்க்காகிறதே என்று நினைத்தாள். நினைத்த மறுகணமே தன் மீதே அருவருப்பு வந்தது. ஆனாலும் அந்த நினைப்பு விட்டுப் போகவில்லை.

மறுநாள் வார்டில் படுக்கை விரிப்பு மாற்றும்போது கேட்டாள். “அந்தப் பதில வாய்ஸ்ல அனுப்பேன் சுபா. நீ பேசுற மாதிரி பேசிப் பழகிக்கிறேன்.”

“இதுக்கென்ன!” என்று அப்போதே பேசி அனுப்பினாள் சுபத்திரா. “உனக்கு வந்துரும் ரூபி, பயப்படாத.”

அதைக் கேட்டுக் கேட்டு, அவள் எங்கே மூச்சு விடுகிறாள் என்பது வரை ரூபினி மனப்பாடம் செய்தாள். குவார்ட்டர்ஸ், சிவப்பு சைக்கிள், ஷூ எல்லாம் அவளுடையதாயின. அப்பா இல்லை என்ற கடைசிப் பேச்சை மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். தன் அப்பாதான் கல்லுக் குண்டாட்டம் வீட்டில் உட்கார்ந்து மீன் கறிக்கு உப்பு பத்தவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறாரே.

தேர்வு ஜோகூர் பாருவில் ஒரு ஹோட்டல் மாடியில். மனோகரன் லீவு போட்டு மோட்டாரில் கூட்டிப்போய் இறக்கிவிட்டார். “நீ போய்ட்டு வாம்மா, நான் கீழயே இருக்கேன்,” என்றார்.

தேர்வாளர் நரைத்த தலை அம்மாள். இரண்டு கேள்வி போனதும் பைக் வந்துவிட்டது. ரூபினி சிவப்பு சைக்கிளில் ஏறினாள். ஒரு தடங்கலும் இல்லை. ஷூ விழுந்தபோது அந்த அம்மாள் சிரித்தார். அவ்வளவுதான், அடுத்த கேள்விக்காகத் தாளைப் பார்த்தார்.

சுபத்திராவுக்குக் கிடைத்த அந்த மௌனம் தனக்குக் கிடைக்கவில்லையே என்று ரூபினிக்குப் பொறுக்கவில்லை. “அப்பா இப்போது இல்லை,” என்று தொடங்கி மிச்சத்தையும் சொன்னாள். வாய் தவறி வந்ததல்ல, தெரிந்தேதான் சொன்னாள். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, மெல்லிய குரலில் வருத்தம் தெரிவித்தார்.

கீழே வந்தபோது மனோகரன் அவளுக்காக வாங்கிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு நின்றார். “என்னம்மா கேட்டாங்க?”

“பைக்கப் பத்திப்பா,” என்றாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மோட்டாரில் ஏறினாள்.

முடிவு வந்தது. ஏழு! ரூபினி குதித்தாள். அதே வாரம் சுபத்திராவுக்கும் வந்தது, எட்டு. குதித்தவள் உட்கார்ந்துவிட்டாள். அவள் கதையையே எடுத்துச் சொல்லியும் எனக்கு ஏழு, அவளுக்கு எட்டா என்று ஒரு ராத்திரி முழுக்கப் புழுங்கினாள்.

மறுநாள் சாயங்காலம் மனோகரன் கேக் வாங்கி வந்தார். மகளை எதிரே உட்கார வைத்தார். “பைக்கப் பத்திக் கேட்டாங்கன்னு சொன்னியே. நம்ம மோட்டார பத்தி சொன்னியா?”

“உங்களப் பத்திதான்பா சொன்னேன்.”

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. “அப்படியே இங்கிலீஷ்ல சொல்லு, கேப்போம். எனக்குப் புரியாட்டி என்ன?”

மோட்டாரைப் பற்றியே சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். பழைய கொழுக்கட்டை திரும்பி வந்து அடைத்துக்கொண்டது. அவளிடம் தயாராக இருந்தது சுபத்திராவின் சைக்கிள் ஒன்றுதான். சொன்னாள். ‘ஃபாதர்’ என்று வரும்போதெல்லாம் மனோகரன் பெருமையாகத் தலையாட்டினார். ஷூவோடு நிறுத்திக்கொண்டாள்.

“அவ்ளோதானா? முழுசா சொல்லும்மா, அங்க சொன்ன மாதிரியே.”

எப்படியும் புரியப்போவதில்லை என்று, தலையைக் குனிந்துகொண்டு அதையும் சொல்லி முடித்தாள்.

மனோகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு அடியிலிருந்து போனை எடுத்து விரலால் தட்டினார். “நீ பேசுனத புடிச்சிட்டேன்! குடும்ப குரூப்புல போட்டுட்டேன். எல்லாரும் கேக்கட்டும்.”

“அலமாக்! அப்பா, அழிங்கப்பா!” ரூபினி கெஞ்சினாள்; அவர் சிரித்துக்கொண்டே கேக்கை வெட்டி முடிப்பதற்குள் போன் அடித்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் யுகேந்திரன். காலையிலிருந்து இரவு வரை ஆங்கிலத்திலேயே பேசிப் பிழைப்பவன்.

மனோகரன் ஸ்பீக்கரைப் போட்டார். “கேட்டியாடா? அக்கா என்னப் பத்தி என்னமா பேசிருக்கு! அத கொஞ்சம் தமிழ்ல சொல்லுடா எனக்கு.”

 “அக்கா பக்கத்துல இருக்காப்பா?” என்றான் யுகேந்திரன்.

ரூபினி கையை நீட்டிப் போனை வாங்கி அழைப்பைத் துண்டித்தாள். “நானே சொல்றேன்பா,” என்றாள்.

“சொல்லு, சொல்லு,” என்று மனோகரன் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.