ஹந்தானைக்குள் கரைந்த பாய்ச்சல்

கண்டியில் என் கணவர் படம் பிடிக்கும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடங்களின் விளையாட்டுப் போட்டிகளுக்கு அவரைக் கூப்பிடுவார்கள். படம் பதிகிற கண்ணாடித் தட்டுகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போவேன். முக்காட்டை இழுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நிற்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், என்ன பேச?

ஆனால் அவர் தேநீர் குடிக்கப் போகும்போது படப்பெட்டியின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்பேன். எல்லாம் தலைகீழாகத் தெரியும். எங்கே நின்றால் ஆள் தெளிவாக வருவான் என்பது அப்படிப் பார்த்துத்தான் பிடிபட்டது.

என் தம்பி உயரம் பாய்வான். அது அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். கம்பளையில் அம்மா ஒரு பக்கம் கைகால் விழுந்துபோய்ப் படுக்கையில் இருந்தாள். "அவன் பாயுறத நான் பார்த்ததே இல்ல புள்ள. ஒரு படமாவது கொண்டாந்து காட்டு" என்று கேட்டிருந்தாள்.

போட்டியன்று என் கணவர், தம்பி தாண்ட வேண்டிய கம்புக்கு நேரே, ஹந்தானை மலையைப் பார்த்தபடி முக்காலியை நிறுத்தினார். கம்புக்கு அப்பால் வெள்ளைக்காரத் துரைமாரின் கூடாரம். அவர் கிட்டப் போய்ச் சொன்னேன்:

"என்னங்க, படப்பெட்டியத் தரையில வச்சு முழங்கால் போட்டுப் புடிங்க. தம்பிக்குப் பின்னால வானம் வரும். நின்னு புடிச்சா மலைதான் வரும். அவன் நெறத்துக்கு அதுல கரைஞ்சு போயிடுவான்."

"தொரைமாருக்கு முன்னால நான் முழங்கால் போடவா? மாதா கோயில்ல போடுறது காணாதா?"

கம்பு உயர்த்துகிறவர் காதில் அது விழுந்துவிட்டது. "அண்ணே, கடையில படம் புடிக்கிறது நீங்களா, அக்காவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவர் முழங்கால் மடியாது என்று தெரிந்துவிட்டது. அவர் போட்டிருந்தது வெள்ளைக் காற்சட்டை வேறு. அதைத் தோய்த்து ஸ்திரிக்கை போட்டவள் நான்.

தம்பி எல்லாரையும்விட உயரமாகப் பாய்ந்தான். இருட்டறையில் படம் மெல்ல எழும்பி வந்தபோது பனியனும் காற்சட்டையும் மட்டும் கம்புக்கு மேலே மிதந்தன. முகமில்லை, கையில்லை. எல்லாம் மலைக்குள் போய்விட்டன.

"அக்கா, என் உடுப்பு மட்டும் தனியா பாஞ்சிருக்கு" என்று தம்பி சிரித்தான். சிரித்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அம்மாவிடம் கொண்டுபோனேன். கிட்டப் பிடித்தும் தள்ளிப் பிடித்தும் பார்த்தாள்.

"இதுல புள்ள எங்க?"

விரலை வைத்துக் காட்டினேன்.

"அப்ப பின்னால தெளிவா தெரியிற இது யாரு?"

"கூடாரத்துல இருந்த ஒரு தொரை."

"அவரு படத்துல நல்லா விழுந்திருக்காரு."

படத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டாள்.

அடுத்த வருஷம் அதே மைதானத்தில் கோர்ட்டில் வழக்காடும் ஓர் அப்புக்காத்தரின் மகன் பாய்ந்தான். முதல் நாளே அப்புக்காத்தர் கடைக்கு வந்து, படம் நன்றாக வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். யாரும் சொல்லாமலே என் கணவர் படப்பெட்டியைத் தரையில் வைத்து, ஈர மண்ணில் இரண்டு முழங்காலையும் ஊன்றினார். அந்தப் பையன் முழு வானத்தில் நின்றான், விரல் விரலாகத் தெரிந்தான். படம் கடை முகப்பில் வெகு காலம் இருந்தது. எப்படிப் பிடித்தீர்கள் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். "நிக்கிற எடந்தாங்க முக்கியம்" என்பார் அவர், என் பக்கம் திரும்பாமல்.

அவருடைய வெள்ளைக் காற்சட்டையின் முழங்காலில் ஏறிய செம்மண்ணை, கல்லில் தேய்த்துத் தேய்த்துப் போக்கினேன்.