காற்றுக்குழாய் அக்கா

பதினாறு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை, நகைப்பெட்டிக்குள் வெல்வெட் ஏற்றுவது. வெல்வெட் என்றதும் துணி என்று நினைத்துவிடாதீர்கள். பசை தடவிய பெட்டிக்குள் பொடியாக நறுக்கின நைலான் இழையைத் தூவுவார்கள். பார்க்க மாவு மாதிரி இருக்கும், அத்தனையும் பிளாஸ்டிக். பெட்டியில் ஒட்டினது போக மிச்சமெல்லாம் பெண்கள் தலையில்தான்.

ஷிப்ட் முடிந்ததும் மெஷினைச் சுத்தம் செய்ய வைத்திருக்கிற காற்றுக்குழாயை எடுத்து, மேலே படிந்த பொடி போக ஒருத்திக்கு ஒருத்தி ஊதிவிடுவார்கள். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே அவள்தான். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, பொடி அப்பின உடம்போடு போய்ப் பால் கொடுக்க மனசு வரவில்லை. அன்றிலிருந்து ‘காத்து அக்கா’ என்றே பேர் விழுந்துவிட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இரண்டு வருஷமாக இருமல். படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது. பார்த்த மூன்று டாக்டர்களும் சொல்லிவைத்த மாதிரி, வீட்டில் யார் சிகரெட் பிடிக்கிறார்கள் என்று கேட்டார்கள். புகை வாசனையே ஆகாத புருஷனை எத்தனை தடவைதான் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போவாள்? சூப்பர்வைசரோ, பிளாஸ்டிக் என்ன விஷமா, குழந்தைகளே அதில்தான் பால் குடிக்கின்றன என்று சிரித்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று பார்த்த டாக்டரம்மாதான் முதல்முறையாக வேலையைப் பற்றி விசாரித்தார். இவளும் காற்றுக்குழாய் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள், சபாஷ் கிடைக்கும் என்ற நினைப்பில். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"துணியில சும்மா கிடந்த தூளை நீங்களே கிளப்பி உள்ள இழுத்திருக்கீங்கம்மா. நுரையீரல்ல தழும்பு விழுந்திருக்கு. இனிமே குழாயைத் தொடாதீங்க, ஈரத்துணியால துடைங்க."

இன்று சாயங்காலம் ஷிப்ட் முடிகிற நேரம் வாளித் தண்ணீரும் துணியுமாக கம்பெனி வாசலில் நின்றாள். யார் நிற்கிறார்கள்? பஸ் போய்விடுமாம். துணி நனைந்தால் குளிருமாம். தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தாள். நடுவில் இருமல் வந்து கெடுத்தது. அக்காவுக்கு உடம்பு முடியவில்லை, அதான் சிடுசிடுக்கிறாள் என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொண்டு குழாய்ப் பக்கம் போனார்கள். யாரை நோவது? கற்றுக்கொடுத்தவளே அவளாச்சே.

கடைசியாக, பசை தடவுகிற சின்னவள் வந்தாள். அவளுக்கு இது ஐந்தாம் மாசம். குழாயைக் கொண்டுவந்து இவள் கையிலேயே கொடுத்தாள்.

"நல்லா ஊதிவிடுங்கக்கா. பொடியோட வீட்டுக்குப் போனா புள்ளைக்கு ஆகாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

அவள் குழாயை வீசி எறிந்தாள். சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அதை எடுத்து மறுபடியும் நீட்டினாள்.