முக்கால் அடிப் பாதம்

ஆற்றங்கரையில் பாதை போடும் ஓவர்சியர் சகோதரர்களே, மற்ற வேலைகளைச் சோதிக்க வரும் அதிகாரி முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவார்; காவேரி அப்படி வருவதில்லை.

உத்தரவு

ஐம்பதுகளின் கடைசி. ஸ்ரீரங்கத்துப் படித்துறை ஓரமாக இருந்த மண் பாதையை முந்தைய ஆண்டு வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அங்கே முழுகாத கல்பாதை போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அப்போது என் மனைவி முதல் பிரசவத்துக்காக உறையூரில் தாய்வீட்டில் இருந்தாள். தினம் சாயங்காலம் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். எங்கே குத்தினால் வலிக்கும் என்று எஞ்சினியருக்குத் தெரியும். "ஆடிப் பெருக்குல பாதை முழுகிச்சோ, உம்மைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!"

குறி

வெள்ளம் ஏறிய உயரத்தை மண்டபத் தூணில் குறித்தேன். தூரத்திலிருந்தும் தெரியட்டும் என்று இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு, நடுவில் சிவப்புக் கோடு. கீழ் நுனிதான் வெள்ள மட்டம். பாதை அதற்கு நாலு அங்குலம் மேலே வர வேண்டும். ஸ்ரீரங்கத்தில் இப்படி மூன்று கோடு போட்டால் என்ன ஆகும் என்று எனக்கு உறைக்கவில்லை. மறுநாளே தூணுக்குத் துளசி மாலை. அடுத்த வாரம் கோடுகளுக்குக் கீழே முக்கால் அடி நீளத்துக்கு வெள்ளையாக ஒரு பாதம் முளைத்திருந்தது. அங்கே தினமும் நீராடும் ஆச்சாரியார் ஒருவர், கையில் பிரஷ்ஷோடு விளக்கினார்: "பாதமில்லாத திருமண்ணை ஸேவிச்சுண்டு ஸ்நானம் பண்றது அபசாரமில்லையோ? ஸ்வாமி மறந்துட்டேள், அடியேன் பூர்த்தி பண்ணிட்டேன்!"

மட்டம்

நானும் சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. மட்டம் பார்க்கும் அன்று, மனைவிக்கு மயக்கம் என்று உறையூரிலிருந்து ஆள் வந்தது. "குறியின் நுனியிலிருந்து நாலு அங்குலம் மேலே" என்று கொத்தனார் காசிம் பாயிடம் சொல்லிவிட்டு ஓடினேன். பாய் சொன்னபடியே செய்தார். பாதை கெட்டியாக, அழகாக அமைந்தது, ஐந்து அங்குலம் தாழ்வாக. எல்லாம் இறுகிய பிறகு விஷயம் தெரிந்து நான் கத்தியபோது பாய் நிதானமாகச் சொன்னார்: "நுனின்னீங்க சார், நுனியிலேர்ந்துதான் அளந்தேன். உங்க சாமிக்குக் கால் எங்கே முடியுதுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

பெருக்கு

ஆடிப் பதினெட்டு. காவேரி போன ஆண்டு உயரத்துக்கே வந்து நின்றாள். பாதை மேல் கணுக்கால் அளவு தண்ணீர். பெண்களுக்கு ஒரே சந்தோஷம். படி இறங்காமலே விளக்கு விட்டார்கள், காதோலை கருகமணி விட்டார்கள். "காவேரியே எதிர்கொண்டு வர்ற மாதிரி கட்டியிருக்கீங்க, மகராசனா இருங்க!" என்று ஓர் அம்மாள் வாழ்த்தினாள். பின்னால் எஞ்சினியர், பூட்ஸைக் கையில் பிடித்தபடி நின்றார். தண்ணீருக்குள் குனிந்து கல்லை அசைத்துப் பார்த்தார். ஒரு கல்கூட ஆடவில்லை. எனக்கு உயிர் வந்தது. அவர் நிமிர்ந்தார்: "பாதை நகரலே ஓய், நீர்தான் நகரணும்!"

கிணறும் வற்றிய ஓர் ஊரில், பெண் பிறந்த தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபோதுதான் புரிந்தது: ஓவர்சியர் சர்க்காருக்கு நாமம் போடுவான் என்று ஊர் சொல்லும், நான் தூணுக்குப் போட்ட நாமத்தைத் தூண் எனக்கே திருப்பிப் போட்டுவிட்டது.