தனபாக்கியம் அக்காவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி

ஞாயிறு காலை ரந்தாவ் பசாரில் மீன்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது தனபாக்கியம் அக்காவின் மகள் கவிதா போனில் கூப்பிட்டாள். “மாமா, அம்மா போயிட்டாங்க” என்றாள். தூக்கத்திலேயே உயிர் போய்விட்டதாம். அவளே தொடர்ந்தாள். “துப்பாக்கி பீரோவுல இருக்கு. சாவி எங்கிட்டதான் இருக்கு. போலீஸ் பாலாய்க்கு இப்பவே சொல்லணுமா, காரியம் முடிஞ்சு சொல்லலாமா?” அம்மா இறந்த செய்திக்கு அடுத்தபடியாகத் துப்பாக்கியைப் பற்றிப் பேசும் வீடு இந்த வட்டாரத்தில் வேறு இருக்காது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மீன்காரர் மிரண்டுபோய்த் தானாகவே விலையைக் குறைத்தார்.

தனபாக்கியம் அக்காவை உங்களில் பலர் கோயில் அன்னதானச் சமையலில் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்த குரலாக அறிவீர்கள். அடுத்த வீட்டுக்காரனான எனக்கு அவர் துப்பாக்கிக்காரர். அவருடைய கணவர் வீரையா அண்ணன் தோட்டத்தில் ஆட்களை வேலைவாங்கும் மண்டோராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் வாங்கிய செம்பனை நிலத்தில் காட்டுப்பன்றியை விரட்ட, முறைப்படி லைசென்ஸ் எடுத்து ஒரு பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அண்ணன் காலமானதும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். பொம்பளைக்கு எதற்குத் துப்பாக்கி என்று கேட்டவரிடம் அக்கா சொன்ன பதில் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். “பன்னி வந்து, வீட்டுல ஆம்பள இருக்கானான்னு கேட்டுட்டா கன்ன திங்குது லா?” எழுதிப்போட்டு, அலைந்து, சுடப் பழகி, லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார்.

நான் சொல்ல வந்தது அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் நடந்தது. வயதான செம்பனைகளைச் சாய்த்துவிட்டு அக்கா புதுக் கன்றுகள் நட்டிருந்தார். இளங்கன்றின் குருத்தென்றால் பன்றிக்கு உயிர். அந்த நேரம் பார்த்து லைசென்ஸ் புதுப்பிக்கும் நாள் வந்தது. முன்பெல்லாம் காகிதத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். இந்த முறை பாலாயில் சார்ஜன் துப்பாக்கியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “காக், நொம்போர் மானா?” என்று கேட்டார். அக்கா, எண் எங்கே என்கிறார். இரும்பில் வெட்டியிருக்க வேண்டிய எண்ணைக் காணோம். மாதக் கடைசிக்குள் எண் தெரியும்படி கொண்டுவந்தால் சரி, இல்லையென்றால் துப்பாக்கியை அவர்கள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார். நல்ல மனிதர்தான், சட்டம் அப்படி. அந்தப் பக்கத்தில் வேறு யாரிடமும் துப்பாக்கி கிடையாது. அக்காவின் கன்றுகளும் பக்கத்து நிலத்து மலாய்க்காரர் பா டின்னின் மரவள்ளியும் அந்த ஒரு குழலை நம்பித்தான் இருந்தன.

எண் எங்கே போனது? அதைக் கேட்டால் நம்மவர்கள் எல்லோரும் கொஞ்சம் தலையைச் சொறிய வேண்டிவரும். ஆயுத பூஜைக்கு மோட்டார் முதல் அரிவாள்மனை வரை பொட்டு வைக்கிறோம் அல்லவா? வீரையா அண்ணன் துப்பாக்கிக்கும் வைத்தார். தோட்டா போடும் இடத்துக்குப் பக்கத்தில் இரும்பு தட்டையாக இருக்கும், சந்தனம் நன்றாக ஒட்டும். எண் வெட்டியிருந்த இடமும் அதுதான். பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது என்பது அண்ணனின் கொள்கை. அடுத்த பூஜைக்குள் பொட்டு கறுத்து அசிங்கமாகிவிடும். உடனே அதன்மேலேயே கறுப்புப் பெயின்ட் ஒரு பூச்சு, காய்ந்ததும் புதுப் பொட்டு. அண்ணனுக்குப் பிறகு அக்காவும் இம்மி பிசகாமல் அதையே செய்தார். சந்தனத்தின் ஈரம் பெயின்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு இரும்பைத் தின்றுகொண்டிருந்தது. பக்தியால் துருப்பிடித்த துப்பாக்கியை நான் அன்றுதான் பார்த்தேன்.

செண்டாயான் தொழிற்சாலையில் பெயின்ட் பகுதியில் வேலை செய்பவன் என்பதால் அக்கா என்னைக் கூப்பிட்டார். குழலை மடக்கித் திறந்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என் பக்கம் காட்டினார். “நான் பாத்துட்டேன்னு நம்பிடாத. நீயும் பாரு.” உள்ளே ஒன்றுமில்லை. தோட்டாக்கள் தனியே பூட்டியிருந்தன. நான் தேய்க்கும் மெஷினை எடுத்ததுதான் தாமதம், கையைப் பிடித்துக்கொண்டார். “மெஷின் போட்டா பெயின்டோட நம்பரும் போயிரும். அப்புறம் சார்ஜன்கிட்ட உன் மூஞ்சியையா காட்டறது?” எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரிதான். கையாலேயே செய்வதென்று முடிவாயிற்று. துப்பாக்கி அவர் கண்ணைவிட்டு அகலக் கூடாதென்பதால், வேலை முழுக்க அவர் வீட்டுச் சமையலறையில், அவருடைய அதட்டலுக்கு நடுவில் நடந்தது.

பெயின்ட் உரிக்கும் மருந்தைப் பூசி மரக்கரண்டியால் வழித்தேன். கறுப்பு வந்தது, அடியில் மஞ்சளும் சிவப்பும், மறுபடி கறுப்பு. ஒவ்வொரு பூஜையும் கழன்று வந்தது. “இது அவரு வச்சது” என்று ஓர் இடத்தில் அக்கா தானாகச் சொன்னார். அந்த இடத்தை மட்டும் அவரே வழித்தார். இரும்பு தெரிந்தபோது முன்பாதி எண்கள் தெளிவாக நின்றன. பின்பாதி வெறும் துரு. “போச்சுக்கா” என்றேன். அவர் பூஜைத் தட்டிலிருந்து அந்தக் காலத்துச் சதுரச் செப்புக் காசு ஒன்றை எடுத்துவந்தார். செம்பு துருவைச் சுரண்டும், இரும்பைக் கீறாது. எனக்கும் தெரிந்த விஷயம்தான், அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. எண்ணெய் விட்டு ஊறவைப்பதும் காசால் தேய்ப்பதும் துடைப்பதுமாக நாட்கள் ஓடின. ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து போனால் அக்கா வாசலிலேயே நிற்கிறார். “வந்துருச்சு டா!” என்று தெருவே கேட்கக் கத்தினார். துருக்குழிகளுக்கு நடுவே கடைசி எண் வரைக்கும் மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல் தெரிந்தது. லைசென்ஸை வைத்து ஒப்பிட்டோம். அதே எண்!

இனி என்ன, எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எண் மட்டும் போதாது, துப்பாக்கியே புதிதாக வேண்டும் என்றார் அக்கா. துப்பாக்கியின் மரக்கட்டையில் இருந்த பள்ளங்களில் ஈரத்துணியை விரித்து, புடவை தேய்க்கும் இஸ்திரிப்பெட்டியை வைத்தோம். ஆவியில் மரம் உப்பி, பள்ளங்கள் மேலே வந்தன. உப்புத்தாளால் தேய்த்து முடித்ததும் எங்களுக்குள் பெரிய சண்டை. சாமியறைக் கதவு மாதிரி மின்னும் வார்னிஷ் வேண்டும் என்றார் அவர். எண்ணெய் ஊட்டினால்தான் மரத்தின் ரேகை தெரியும் என்றேன் நான். ஒரு மூலையில் மட்டும் எண்ணெய் தேய்த்துக் காட்டினேன். பார்த்தார். “சரி, இந்த ஒரு தடவ நீ ஜெயிச்சுக்கோ” என்றார். பிறகு சிரம்பானில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் கொடுத்தோம். கடை முதலாளி தவுக்கே குழலின் உட்புறத்தைச் சோதித்து, சுடலாம் என்று சொல்லி, இரும்புக்குத் துரு பிடிக்காதபடி கருநீலம் ஏற்றிக் கொடுத்தார்.

மாதக் கடைசியில் அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பாலாய்க்கு வந்தார். சார்ஜன் டார்ச் அடித்து எண்ணை ஒவ்வொன்றாக மலாயில் படிக்க, அக்கா மனப்பாடமாகக் கூடவே சொன்னார். முடிந்ததும் சார்ஜன் துப்பாக்கியைத் தூரப் பிடித்துப் பார்த்தார். “காக், இனி செனாப்பாங் பாரு கா?” புதுத் துப்பாக்கியா என்கிறார்! லைசென்ஸ் கைக்கு வந்தது. அந்த வாரமே விடியற்காலையில் ஒரே வெடி. கன்றுகளைக் கிளறிக்கொண்டிருந்த கிழட்டு ஆண்பன்றி விழுந்தது. எங்கள் தெரு முழுக்கப் பன்றி வறுவல் மணத்தது. அதைத் தொடாத பா டின், தன் பங்குக்கு ஒரு மூட்டை மரவள்ளி கொண்டுவந்து வைத்து அக்காவுக்கு சல்யூட் அடித்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் கொஞ்சம் பயத்தோடுதான் போனேன். அக்கா எப்போதும்போல் பொட்டு வைத்து, சூடம் காட்டினார். பிறகு எண்ணெய்த் துணியை எடுத்துப் பொட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு அம்மன் படத்தைப் பார்த்துச் சொன்னார். “கோச்சுக்காத தாயே. நீ இருப்ப, இரும்பு தாங்காது.”

காரியம் முடியும்வரை காத்திருக்கவில்லை. அக்கா இறந்த மறுநாளே கவிதாவோடு போய்த் துப்பாக்கியை பாலாயில் ஒப்படைத்தேன். இப்போதிருக்கும் அதிகாரி இளைஞர். டார்ச் எதுவும் கேட்காமல் எண்ணைப் படித்தார். இதைத் திரும்ப வாங்க யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமுவதற்குள், “சாயா” என்றாள் கவிதா. நான்தான் என்கிறாள். ஆபீஸ் வேலைக்குப் போகிற பெண்ணை அவர் ஏற இறங்கப் பார்த்தார். லேசில் கிடைக்காது என்றார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வரும் வழியில் நிலத்தில் இறங்கினோம். அன்று நட்ட கன்றுகள் இன்று ஆளுயரத்துக்கு மேல், வரிசையில் ஓர் இடம்கூட வெறுமையாக இல்லாமல், குலை தள்ளி நிற்கின்றன. எனக்கு அங்கேதான் அழுகை வந்தது. துப்பாக்கியும் நிலமும் கவிதாவுக்குச் சேரட்டும். அக்காவின் பிடிவாதத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு யாரும் லைசென்ஸ் கேட்க முடியாது.